ஒரே பெயரில் இரண்டு எழுத்துரு

எழுத்துருத் தேடுபாதையைப் பற்றிப் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். கேட்க வந்த தங்கச்சி போகிற போக்கில், "அதுல எழுத அப்படி என்ன இரிக்கி எண்டுதான் தெரியல்ல, மிஸ்" என்றும் சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வேலையில் இருந்தபோதே கோபக்காரி என்று பெயர் வாங்கியவள் நான்; ஓய்வு பெற்றதும் அது தானாகப் போய்விடாது. ஆனால் அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. உங்கள் காலத்தில் எந்தக் கணினியைத் திறந்தாலும் தமிழ் தமிழாகத் தெரிகிறது. அது தெரியாமல் போன ஒரு நாளில் என்ன நடந்தது என்று சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரையில் சாளரங்களை வரைந்து காட்டுகிற அமைப்புக்கு எழுத்துகளின் வடிவம் தெரியாது. ஒரு நிரல் வந்து, இன்ன பெயருள்ள எழுத்துரு வேண்டும் என்று கேட்கும். உடனே அது தன்னிடம் வரிசையாகச் சொல்லிவைத்த கோப்புறைகளில் ஒவ்வொன்றாகத் தேடும். முதலாவது கோப்புறையில் அந்தப் பெயர் கிடைத்துவிட்டால் இரண்டாவதை எட்டியும் பார்க்காது. அந்த வரிசைதான் தேடுபாதை. வரிசையில் முன்னால் நிற்பவர் சொன்னதே சட்டம். இவ்வளவுதான் தொழில்நுட்பம். மீதியெல்லாம் மனிதர்கள்.

கடல் சுனாமியாக எங்கள் ஊர்களுக்குள் வந்து போனதற்கு அடுத்த வருஷம். மருதமுனைக்கும் பாண்டிருப்புக்கும் நடுவில், இலங்கையின் கிழக்குக் கரைப் பிரதான வீதியோரமாகப் பாதி சுவர் இடிந்துபோன ஒரு கட்டடத்தில் நிவாரண நிலையம் ஒன்றைத் திறந்திருந்தார்கள். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடலை நம்பியிருந்த முஸ்லிம் குடும்பங்கள், பாண்டிருப்பில் கடலை நம்பியிருந்த தமிழ்க் குடும்பங்கள், எல்லாருக்கும் அந்த ஒரே நிலையம்தான். கணினிகளுக்குப் பொறுப்பாக என்னைப் போட்டார்கள். அந்த அலை என் தங்கையைக் கொண்டுபோயிருந்தது. வீட்டில் இருக்க முடியாமல்தான் அந்த வேலைக்குப் போனேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன்.

போர்நிறுத்தம் என்று பெயரளவில் ஒன்று இருந்த காலம் அது. ஒரு பக்கத்தில் கடையடைப்பு என்றால் மற்றப் பக்கத்து ஆட்கள் அந்த வீதியால் வரமாட்டார்கள். அதனால் நிலையத்திலும் நேரத்தைப் பிரித்துக்கொண்டோம். காலையில் முஸ்லிம் ஊர்க்காரர்கள் வந்து பதிவார்கள். பின்னேரம் பாண்டிருப்பு ஆட்கள். யாரும் கட்டளை போட்டு நடந்ததல்ல, தானாக அமைந்துவிட்டது. தட்டச்சு செய்ய இரண்டு பிள்ளைகள். காலைக்கு மருதமுனை ரிசானா. முன்பு கலியாணக் கார்ட் அடிக்கிற அச்சகத்தில் வேலை செய்தவள். பின்னேரத்துக்குப் பாண்டிருப்புத் தவமலர். அவள் ஓர் அலுவலகத்தில் தட்டச்சாளராக இருந்தவள். ஒரே மேசை, ஒரே கணினி. மதியம் வாசலில் கதவுத் திறப்பைக் கைமாற்றும்போது மட்டும்தான் இருவரும் சந்திப்பார்கள். ஒரு சிரிப்பு, அதற்கு மேல் கதை இல்லை.

அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு கிடையாது. ரிசானா தன் அச்சகத்தில் இருந்த எழுத்துருவைக் கொண்டுவந்தாள். தவமலர் தன் அலுவலகத்தில் இருந்ததைக் கொண்டுவந்தாள். எனக்கு முன்பு அங்கே தொண்டராக வேலை செய்த கொழும்புப் பொறியியலாளர் இருவருக்கும் தனித்தனியே ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தார்: உன் எழுத்துருவை ஒரு கோப்புறையில் போடு, அதற்கு 'தமிழ்' என்று பெயர் வை, வேலை தொடங்கும்போது உன் கோப்புறையைப் பாதையின் முன்னால் சேர். இருவரும் நல்ல பிள்ளைகள். சொன்னதை அச்சொட்டாகச் செய்தார்கள்.

விளைவைக் கவனியுங்கள். பெயர் ஒன்று, எழுத்துரு இரண்டு. உங்களுக்குப் பழக்கமான யுனிகோட் என்கிற பொதுக் குறியீடு அப்போது எங்கள் மேசைவரை வந்து சேரவில்லை. ஒவ்வொரு எழுத்துருவும் எழுத்துகளைத் தன்பாட்டுக்கு அடுக்கி வைத்திருக்கும். ஒன்றில் 'ம' இருக்கும் இடத்தில் மற்றதில் வேறொன்று இருக்கும். காலையில் ரிசானாவின் கோப்புறை முன்னால், அவளுடைய பெயர்கள் சரியாகத் தெரியும். பின்னேரம் தவமலரின் கோப்புறை முன்னால், அவளுடையது சரியாகத் தெரியும். ஒருத்தி அடித்ததை மற்றவள் திறந்து பார்க்க வேண்டிய தேவை ஒருநாளும் வரவில்லை. மாதக்கணக்கில் இப்படியே ஓடியது.

படகு வந்த நாள் அன்றுதான் அது வெளியே வந்தது.

புது ஃபைபர் படகுகள் லொறிகளில் வந்து நிலையத்து வளவில் இறங்கியிருந்தன. ஒவ்வொரு படகிலும் சொந்தக்காரரின் பெயரும் படகின் பெயரும் போக வேண்டும். எங்கள் அச்சுப்பொறிக்குத் தமிழ் தெரியாது. அதனால் திரையில் பெரிதாகப் பெயரைக் காட்டி, அதை அப்படியே படம் பிடித்து அச்சடிப்போம். அந்தத் தாளைப் படகின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டால், பெயின்டர் அதைப் பார்த்து அதற்குக் கீழே அப்படியே எழுதுவார். அவர் சிங்கள ஊரில் இருந்து வந்தவர். தமிழ் வாசிக்கத் தெரியாது, தாளில் உள்ள கோடு எப்படிப் போகிறதோ தூரிகையும் அப்படிப் போகும். திரையில் தெரிவதுதான் தாள், தாள்தான் படகு.

அன்றைக்கு முதல் தடவையாக இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே காலையில் நிலையத்துக்கு வந்தார்கள். மேசையில் ரிசானா. முஸ்லிம் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டிச் சரிபார்த்தாள், பிழையில்லை. பிறகு பாண்டிருப்புப் பெயர்களைத் திறந்தாள். திரையில் வந்தவை எல்லாம் தமிழ் எழுத்துகள்தான், ஆனால் வாசித்தால் எந்த மனிதனின் பெயரும் இல்லை. கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் கால், கால் இருக்கவேண்டிய இடத்தில் வேறு ஏதோ.

மேசைக்கு முன்னால் நின்றவர் நாகமணி அண்ணன். பாண்டிருப்பில் கரைவலைக்காரர்கள் அவர் சொல்லுக்குத்தான் நிற்பார்கள். அவருடைய ஒரே மகள் தர்ஷினியை அலை கொண்டுபோயிருந்தது. புதுப் படகுக்கு அவளுடைய பெயரைத்தான் வைத்திருந்தார். அவர் திரையைக் குனிந்து பார்த்தார்.

"இது என்ன?" என்றார்.

"உங்கட படகுட பேரு, ஐயா" என்றாள் ரிசானா.

"என்ட மகள்ட பேரு இது இல்ல. என்ட புள்ளட பேர என்ன செஞ்சி வெச்சிரிக்கிங்க?"

அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மெதுவாகக் கேட்டார். வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "நம்மட ஆக்கள்ட பேரெல்லாம் அழிச்சிட்டாங்களாம்" என்று யாரோ வெளியே சொல்வது எனக்குக் கேட்டது. தன் ஊராட்களோடு வந்திருந்த தவமலரைக் கூப்பிட்டேன். அவள் திரையைப் பார்த்துவிட்டு, "நான் அடிச்சது இது இல்ல, மிஸ்" என்றாள். சொல்லிவிட்டு ரிசானாவைப் பார்த்தாள். பார்வைதான், வேறொன்றும் இல்லை. ரிசானாவின் கண் நிறைந்துவிட்டது.

எங்கள் இணைப்பாளர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு மூன்று வழி சொன்னார். போன மாதம் எடுத்துவைத்த பிரதியை இப்போது இருப்பதன் மேல் போட்டுவிடலாம். அல்லது ரிசானாவையே உட்காரவைத்துப் பாண்டிருப்புப் பெயர்களைத் திரும்ப அடிக்கச் சொல்லலாம். அதுவும் இல்லையென்றால், சரியாக இருக்கிற முஸ்லிம் ஊர்ப் பெயர்களை முதலில் அச்சடித்து அந்தப் படகுகளை அனுப்பிவிட்டு, மற்றதைப் பிறகு பார்க்கலாம். "அந்தப் புள்ளய இண்டைக்கு வீட்ட அனுப்புங்க, மிஸ். ஆக்கள் சூடா நிக்கிறாங்க" என்று ரிசானாவைக் காட்டியும் சொன்னார்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இப்படி ஒருவர் உங்கள் தோளில் கைவைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் நம்முடைய வேலை தொடங்குகிறது. விசைப்பலகையில் கை வைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குத் தனியாகச் சம்பளம் தர வேண்டும். நான் பார்த்தேன். நாகமணி என்ற பெயர் எங்கெல்லாம் வர வேண்டுமோ அங்கெல்லாம் ஒரே மாதிரித்தான் உருக்குலைந்திருந்தது. 'ம' வரவேண்டிய இடங்களில் எல்லாம் ஒரே பிழையான எழுத்து. குழப்பத்துக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. கெடுக்க வேண்டும் என்று வந்தவனுக்கு இவ்வளவு பொறுமை இருக்காது. ஆகவே பெயர்கள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன, பார்க்கிற கண்ணாடிதான் மாறிவிட்டது என்று எனக்குப் பட்டது.

பாதையைக் காட்டச் சொன்னேன். முன்னால் ரிசானாவின் கோப்புறை, அதற்குப் பின்னால் தவமலரின் கோப்புறை. இரண்டுக்குள்ளும் 'தமிழ்' என்று ஒரே பெயர். விளங்கிவிட்டது. பழைய பிரதியைப் போட்டிருந்தால், மட்டக்களப்பில் உறவினர் வீடுகளில் இருந்துவிட்டு அண்மையில் திரும்பிவந்து பதிந்த குடும்பங்கள் காணாமல் போயிருக்கும். ரிசானாவைத் திரும்ப அடிக்கச் சொல்லியிருந்தால், நல்ல பெயர்களின் மேல் வேறொரு எழுத்துருவில் எழுதி அவற்றை உண்மையிலேயே அழித்திருப்போம். உதவி செய்யப் போய்ச் செய்கிற அழிவுக்கு மருந்து கிடையாது.

மூன்றாவது வழி இருந்ததே, அதுதான் என்னை ஆட்டிப்பார்த்தது. அதில் தொழில்நுட்பக் குற்றம் ஒன்றும் இல்லை. சரியாக இருப்பதை அச்சடிப்பதில் என்ன பிழை? சாய்ந்தமருது ஹனிபா காக்காவும் அதையே கேட்டார். முஸ்லிம் மீனவர்களில் மூத்தவர், அதனால் எல்லாருக்கும் காக்கா, அதாவது அண்ணன். விடியும் முன்பே வந்து நின்றவர்.

"எங்கட பேரு சரியாத்தானே கிடக்கு, மிஸ். அதையாவது அடிச்சித் தந்தா நாங்க போறதுதானே?"

"தரலாம், காக்கா. நீங்க படகோட போகக்குள்ள இவங்க வெறுங்கையோட பாத்துக்கிட்டு நிப்பாங்க. மறுகா ஊர்ல என்ன கதை வரும்? நானும் முஸ்லிம், அடிச்ச புள்ளயும் முஸ்லிம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நாகமணி அண்ணனைப் பார்த்தார். இருவரும் பல வருஷமாகக் கடலில் பக்கத்துப் பக்கத்தில் வலை போட்டவர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"நிக்கம்" என்றார் ஹனிபா காக்கா. "எல்லாருக்கும் வரட்டும்."

அந்த ஒரு சொல்லுக்கு நான் இன்றுவரை அவருக்கு துஆ செய்கிறேன்.

இனித் திருத்தம். பாதையில் தவமலரின் கோப்புறையை முன்னால் இழுத்துவிட்டு, பாண்டிருப்புப் பெயர்களை அச்சடித்து, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தேநீர் ஆறுவதற்குள் முடிந்திருக்கும். ஆனால் ரிசானாவின் மேல் விழுந்த சந்தேகம் அப்படியே இருந்திருக்கும். 'மிஸ் வந்து ஏதோ செய்து அவளைக் காப்பாற்றிவிட்டா' என்றுதான் கதை போயிருக்கும். அதனால் கதவைத் திறந்துவைத்தேன். நாகமணி அண்ணன், ஹனிபா காக்கா, இரண்டு பிள்ளைகள், எல்லாரையும் மேசையைச் சுற்றி நிற்கச் சொன்னேன். இணைப்பாளருக்கு இது பிடிக்கவில்லை. "கிளாஸ் எடுக்கிற நேரமா இது?" என்றார். ஓம், அதுதான் நேரம் என்றேன்.

நிரலை எதையும் சேமிக்காமல் மூடச் சொன்னேன். பாதையில் தவமலரின் கோப்புறையை முன்னுக்குக் கொண்டுவந்து, நிரலைத் திரும்பத் திறந்தேன். பாண்டிருப்புப் பெயர்கள் பளிச்சென்று வந்தன. நாகமணி அண்ணன் மூச்சு விடுவது கேட்டது. "இப்ப காக்காட பேரப் பாருங்க" என்று ஹனிபா காக்காவின் பெயரைத் திறந்தேன். அது கோணல்மாணலாக வந்தது.

"இதென்ன, என்னையும் அழிச்சிட்டீங்களா?" என்றார் ஹனிபா காக்கா. முதலில் சிரித்தவர் அவர்தான்.

"ஒருத்தரும் ஒருத்தரையும் அழிக்கல்ல. ஆர்ர எழுத்துரு முன்னுக்கு நிக்குதோ அவர்ர பேர் மட்டும் தெரியும். தவமலர் இருக்கக்குள்ள முஸ்லிம் ஆக்கள்ட பேர் இப்படித்தான் இருந்திரிக்கி. அவ ஒருநாளும் திறந்து பாக்கல்ல. ரிசானாவும் பாக்கல்ல."

தவமலர் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு தன் கதிரையை ரிசானாவின் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, ரிசானாவும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது.

"அப்ப மற்றத எடுத்து வீசுங்க. ஒண்டு இருந்தாக் காணும்தானே" என்றார் இணைப்பாளர். பாதையில் இருந்து ஒன்றை எடுத்து எறிவது எப்போதும் சுலபமாகத்தான் தெரியும். அமைப்புக்கு அடிப்படையாகத் தேவைப்படும் கோப்புறையை அவசரத்தில் எடுத்தெறிந்துவிட்டு, அடுத்த நாள் திரையே எழும்பாமல் விழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இங்கே எதை எறிந்தாலும் ஓர் ஊர் முழுவதும் வாசிக்க முடியாமல் போகும். நான் எதையும் எறியவில்லை. இரண்டு எழுத்துருவுக்கும் வேறு வேறு பெயர் வைத்தேன். அமைப்பைத் திரும்ப ஒருதரம் கோப்புறைகளை வாசிக்கச் சொன்னேன். இரண்டு சாளரம் திறந்து, ஒன்று ரிசானாவின் எழுத்துருவைக் கேட்கவும் மற்றது தவமலருடையதைக் கேட்கவும் செய்தேன். இப்போது பாதையில் யார் முன்னால் நின்றாலும் ஒன்றுதான்.

ஒரே திரையில் இரண்டு ஊரும் பக்கத்துப் பக்கத்தில் வாசிக்கும்படி தெரிந்தது. நான் எத்தனையோ பெரிய திரைகளைப் பிறகு பார்த்துவிட்டேன். அந்தப் பழைய, மங்கலான திரையில் கிடைத்த சந்தோஷம் வேறெதிலும் கிடைக்கவில்லை.

அடுத்த கேள்வி உடனே வந்தது. யாருடைய பெயரை முதலில் அச்சடிப்பது? இணைப்பாளர் என்னைப் பார்த்தார். நான் நாகமணி அண்ணனையும் ஹனிபா காக்காவையும் பார்த்தேன். கணினிக்காரி தீர்க்கக்கூடாத கேள்விகளும் உண்டு.

"கரை வழியா வாங்க" என்றார் நாகமணி அண்ணன். "வடக்கால இருந்து ஆர்ர வாடி முதல் வருதோ, அவர்ர பேர் முதல்."

"அதான் சரி" என்றார் ஹனிபா காக்கா. கரையோர மீன்வாடிகளின் வரிசையில் அவருடைய சாய்ந்தமருது கடைசியில்தான் வரும், அது அவருக்குத் தெரியும்.

முதலில் மருதமுனை, பிறகு பாண்டிருப்பு, பிறகு சாய்ந்தமருது. ரிசானாவின் சாளரம், தவமலரின் சாளரம், மறுபடியும் ரிசானாவின் சாளரம். ஒருத்தி பெயரைக் காட்ட மற்றவள் அச்சடித்தாள். யுத்தம் முடிந்து அந்த நிலையத்தை மூடும்வரைக்கும் அந்தப் பிள்ளைகள் இருவரும் ஒரே நேரத்தில்தான் வேலை செய்தார்கள். நேரப் பிரிப்பை நாங்கள் யாரும் நிறுத்தவில்லை. ஆட்களே வேளை பார்க்காமல் வரத் தொடங்கிவிட்டார்கள். இடையில் வீதி மூடிய நாட்கள் வந்தன, பயந்த நாட்களும் வந்தன. மேசை மட்டும் பிரியவில்லை. பிழையைப் பிடித்ததற்காக என்னைப் பாராட்டினார்கள். பிழையைப் பிடிப்பது பெரிய காரியம் இல்லை, பிள்ளைகளே. இரண்டு வாரம் படித்தால் உங்களில் யாரும் பிடிப்பீர்கள். சரியான பாதியை மட்டும் வெளியே விடாமல் வைத்துக்கொண்டு நிற்பதுதான் கடினம்.

அன்று பாண்டிருப்புத் தாள்கள் வெளிவந்தபோது நாகமணி அண்ணன் தன்னுடையதை வாங்கி, எழுத்தெழுத்தாக விரலை வைத்துப் பார்த்தார். ரிசானா எழுந்து பின்பக்கமாகப் போகப் பார்த்தாள். அவர் மறித்தார்.

"நீங்க வாங்க, புள்ள. இத நீங்கதான் ஒட்டணும்."

"நானா, ஐயா? தவமலர் அக்கா ஒட்டட்டும்."

"இல்ல. காலையில உங்களத்தான் ஏசினேன்."

வளவில் வெயில் ஏறியிருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தப் படகின் பக்கவாட்டில் தாளை ஒட்டினாள். ஒட்டிய அவசரத்தில் ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்துவிட்டது. பெயின்டர் அதைப் பிய்த்து நேராக ஒட்டக் கையை நீட்டினார். நாகமணி அண்ணன் அவருடைய கையைப் பிடித்துத் தடுத்தார்.

"வேணாம். அந்தப் புள்ள ஒட்டினபடியே எழுதுங்க."

சொன்னது பெயின்டருக்கு விளங்கவில்லை, கையைப் பிடித்தது விளங்கியது. அவர் தூரிகையைத் தோய்த்து, அந்தச் சரிவு கலையாமல், தர்ஷினி என்று எழுதினார்.